பதினஞ்சு ஓட்டு எங்கேர்ந்து வந்துச்சு: மினசோட்டா வடகோடியில அஞ்சு நாள்

முதல் நாள், புதன், செப்டம்பர் 25, 2024

காலைல ஆறே காலுக்கு மினியாபொலிஸ் பக்கத்துல இருக்குற ஈடன் ப்ரெய்ரிலேர்ந்து கிளம்பிட்டோம், நானும் மாமாவும் மட்டும்தான், அத்தைக்கு முட்டுவலி, அஞ்சு நாள் கார்ல உக்கார முடியாதுன்னு பேத்தியோட வீட்டுலயே இருந்துட்டாங்க, வீட்டம்மாவுக்கு லீவு கிடைக்கல. மாமா நாங்குநேரி பக்கம் ஒரு ஸ்கூல்ல ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். இங்க வந்து ரெண்டு மாசம் ஆச்சு, மால், காஸ்ட்கோ, கோயில்னு இதே மூணு இடத்தை சுத்திக் காட்டி எனக்கே சங்கடமா இருந்துச்சு. போன வாரம் அவரே கேட்டுட்டார், "மருமவனே, இந்த நாட்டுல ஓட்டு போடுற சனங்க எங்க இருக்காங்க, ஒருநா காட்டுங்களேன்." எலக்சன் டூட்டி பார்த்தே பாதி வயசைக் கழிச்சவர் அவர், எந்த ஊருக்குப் போனாலும் பூத் எதுன்னுதான் முதல்ல கேப்பார்.

எனக்கு மார்ச்ல சிட்டிசன்ஷிப் வந்துச்சு, நவம்பர்ல முதல் ஓட்டு. இங்க எலக்சன் எப்டி நடக்குதுன்னு படிக்க ஆரம்பிச்சப்பதான் மாநில செனட்டோட மூணாம் நம்பர் தொகுதி என்னைப் பிடிச்சுக்கிச்சு. மினசோட்டா செனட்ல 67 சீட். செனட் மேல்சபை, ஹவுஸ் கீழ்சபை, ஒவ்வொரு செனட் தொகுதியையும் ரெண்டா வெட்டி ஏ, பின்னு ரெண்டு ஹவுஸ் தொகுதி, அப்டி ஹவுஸ்ல 134 சீட். ஒரு செனட் தொகுதிக்கு ஏறக்குறைய 85,000 பேர். மினியாபொலிஸ்ல அந்த 85,000 பேரை சைக்கிள்லயே ஒரு மத்தியானத்துல சுத்தி வந்துடலாம். வடக்க மூணாம் நம்பர்ல அதே 85,000 பேர் லேக் சுப்பீரியர் கரையிலேர்ந்து கனடா எல்லை ஓரமாவே போயி இன்டர்நேஷனல் ஃபால்ஸ் வரைக்கும் சிதறிக் கிடக்காங்க, குக், லேக், கூச்சிச்சிங்னு கவுன்டி கவுன்டியா, அதோட செயின்ட் லூயிஸ் கவுன்டியில பெரிய துண்டும்.

2022 நவம்பர்ல அங்க என்ன ஆச்சுன்னு கேளுங்க. செனட் சீட்டுக்கு டி.எஃப்.எல் கட்சியில கிரான்ட் ஹவ்ஸ்சைல்ட், ரிபப்ளிகன்ல பேபிட் ஊரு மேயர் ஆண்ட்ரியா ஸுபான்சிச். டி.எஃப்.எல்ங்கறது இந்த மாநிலத்து டெமாக்ரட் கட்சிதான், 1944ல விவசாயி தொழிலாளர் கட்சியோட சேர்ந்ததால இன்னும் அந்த நீளப் பேரையே வச்சிருக்காங்க. நாப்பதாயிரத்துக்கும் மேல ஓட்டு விழுந்து, ஹவ்ஸ்சைல்ட் ஜெயிச்சது ஏறக்குறைய 700 ஓட்டுல. அதனால செனட்ல டி.எஃப்.எல் 34, ரிபப்ளிகன் 33. அதே நாள் அதே சனங்க ஹவுஸுக்கு போட்ட ஓட்டுல 3ஏல ரோஜர் ஸ்க்ராபா 15 ஓட்டுல ஜெயிச்சார், 3பில நடாலி ஸெலெஸ்னிகர் 33 ஓட்டுல, ரெண்டு பேருமே ரிபப்ளிகன். செனட்டுக்கு ஒரு கட்சி, ஹவுஸ்ல ரெண்டு பாதியிலயும் எதிர்க்கட்சி.

மாமா காரை ஓரங்கட்டச் சொல்லிட்டார், 15ஆ 1,500ஆன்னு திருப்பித் திருப்பி கேட்டார். அவங்க பக்கத்து தொகுதி ராதாபுரத்துல 2016ல 49 ஓட்டு வித்தியாசம், அது கோர்ட்டு, மறு எண்ணிக்கைன்னு வருசக்கணக்கா இழுத்தது தமிழ்நாட்டுக்கே தெரியும். 49க்கே தூக்கம் போன மனுசன்.

எனக்கு இதுல சொந்த விசயம் ஒண்ணு இருக்கு. அந்த 34க்கு 33 வந்ததாலதான் 2023 மார்ச்ல மாநிலத்துல எல்லா ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு ஃப்ரீன்னு சட்டம் வந்துச்சு. என் பொண்ணு நாலாங்கிளாஸ், தினம் தட்டை எடுத்துக்கிட்டு லைன்ல நிக்கிறா, காசு யார் குடுத்தான்னு அவளுக்கு தெரியாது. அந்தச் சாப்பாட்டுல பங்கு உள்ளவங்க இங்கேர்ந்து 300 மைல் தள்ளி எங்கயோ காட்டுக்குள்ள இருக்காங்க, அவங்க ஊரைப் பார்க்கணும்னு எனக்கு ரெண்டு வருசமா ஆசை. சத்துணவுல முட்டை எண்ணிக் குடுத்து பழகின மாமாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கல.

டுலூத் இறக்கத்துல லேக் சுப்பீரியர் முழுசா தெரிஞ்சப்ப "கடல்தான இது"ன்னார். பரப்பளவுல உலகத்துலயே பெரிய நன்னீர் ஏரி, 82,000 சதுர கிலோமீட்டர், இலங்கையை உள்ள வச்சாலும் சுத்தி தண்ணி மிச்சமிருக்கும். கைல அள்ளி வாயில வச்சுப் பார்த்துட்டுதான் நம்பினார்.

டுலூத் சிட்டி வேற தொகுதி, அதை ஒட்டின ஹெர்மன்டவுன்லதான் நம்ம தொகுதியோட தெக்கு முனை. பாக்க ஒண்ணுமில்ல, பெரிய கடைங்க, பெரிய பார்க்கிங். ஆனா ஹவ்ஸ்சைல்ட் இந்த ஊரு கவுன்சில்ல இருந்தவர், இந்தப் பகுதியோட ரிபப்ளிகன் காங்கிரஸ்மேன் பீட் ஸ்டாபரும் இதே ஊர்க்காரர். 33 ஓட்டுல தோத்த மேரி மர்ஃபியும் இங்கதான். 1977லேர்ந்து 46 வருசம் ஹவுஸ்ல இருந்தவங்க அவங்க, அதுக்கு முன்ன ஸ்கூல் டீச்சர். டீச்சர்னு சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் சொன்னார், "நாப்பத்தாறு வருசத்துல அவங்ககிட்ட படிச்ச பிள்ளைங்களே முப்பத்தி மூணு பேருக்கு மேல ஊரை விட்டுப் போயிருப்பாங்களே."

டூ ஹார்பர்ஸ்ல இரும்புத்தாது ஏத்துற டாக் பார்த்தோம், 1884லேர்ந்து இங்கேர்ந்து கப்பல்ல தாது போகுது. 3எம் கம்பெனி 1902ல ஆரம்பிச்சதும் இதே ஊர்லதான், சாணை பிடிக்கிற கொரண்டம்னு நம்பி தோண்டின கல்லு வேற ஏதோ கல்லா போயிடுச்சு, அப்புறம்தான் உப்புத்தாள் பக்கம் போனாங்க. ராத்திரி சில்வர் பேல தங்கல். அத்தை கட்டிக்குடுத்த புளியோதரை.

ரெண்டாம் நாள், வியாழன்

விடியக்காலை பிளாக் பீச். கருப்பு மணல் அழகா இருக்கு, ஆனா அது தானா வந்த மணல் இல்லை. 1950கள்ல டாக்கனைட்டுங்கற குறைஞ்ச ரக இரும்புக்கல்லை அரைச்சு எடுக்குற ஆலை இங்க வந்துச்சு, பேபிட் பக்கம் வெட்டி ரயில்ல கொண்டாந்து அரைச்சு, மிச்சத்தை ஏரியில கொட்டினாங்க, ஒரு நாளைக்கு 67,000 டன்னு கணக்கு. 1973ல டுலூத் குடிதண்ணியில ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி நார்த்துகள் இருக்குன்னு தெரிஞ்சு பெரிய வழக்கு ஆகி, 1980லதான் கொட்டுறது நின்னுச்சு. இந்த ஊரே அந்த ஆலைக்காக கட்டின ஊரு. வேலை குடுத்ததும் அதே ஆலை, தண்ணியைக் கெடுத்ததும் அதேதான், இதை நெஞ்சுல வச்சுக்கிட்டு இந்த சனங்க எப்டி ஓட்டு போடுவாங்கன்னு நினைச்சுக்கிட்டே நின்னேன். 1964ல டாக்கனைட் கம்பெனிகளுக்கு வரி ஏத்த மாட்டோம்னு மாநில அரசியல் சட்டத்துலயே திருத்தம் போட சனங்க ஓட்டு போட்டிருக்காங்க, அவ்ளோ ஆழம் இது.

61ஆம் நம்பர் ரோட்டுல வடகிழக்க போனா வலது பக்கம் ஏரி, இடது பக்கம் மலை முழுக்க மேப்பிள் மரம், சிவப்பும் ஆரஞ்சுமா. செப்டம்பர் கடைசியில இப்டி வெயில் அடிக்குமான்னு இருந்துச்சு, மாமா ஸ்வெட்டரை பின்சீட்ல போட்டுட்டார். வழியில வீட்டு வாசல்ல எல்லாம் பலகை, ட்ரம்ப் ஒரு வீடு, ஹாரிஸ் வால்ஸ் ஒரு வீடு. வால்ஸ் எங்க கவர்னர், அவரே துணை ஜனாதிபதிக்கு நிக்கறதால இங்க சூடு ஜாஸ்தி. மாமா டைரியில கோடு போட்டு எண்ண ஆரம்பிச்சார், நாலு கோடு குறுக்க ஒரு கோடு, பழைய வாக்கு எண்ணிக்கை பழக்கம்.

கிராண்ட் மரே ஊருல சுமார் 1,300 பேர். மலைச்சரிவுல கவுன்டி கோர்ட் கட்டடம், போன வெள்ளிக்கிழமை 20ஆம் தேதியே முன்கூட்டி ஓட்டு போடறது தொடங்கிடுச்சு, மாநிலம் முழுக்க 46 நாள் முன்னாடியே. மாமா வெளியவே நின்னு கவனிச்சார். கொஞ்ச நேரத்துல ரெண்டு பேர் வந்தாங்க, ஒரு பாட்டி, ஒரு மீன்பிடிக்காரர் மாதிரி ரப்பர் பூட்ஸ் போட்டவர், கைல கவர். போலீஸ் இல்ல, நூறு மீட்டர் கோடு இல்ல, மை இல்ல. இந்த கவுன்டியில பெரும்பாலான இடத்துல பூத்தே கிடையாது, ஓட்டுச்சீட்டு தபால்ல வீட்டுக்கு வந்துடும்னு சொன்னேன். ஆள் கம்மியான கிராமங்கள்ல அப்டி நடத்த சட்டம் இடம் குடுக்குது.

அப்ப மாமா தன்னோட மாஞ்சோலை டூட்டியைச் சொல்ல ஆரம்பிச்சார், 1996 எலக்சன், பஸ் போற வரைக்கும் போயி மிச்ச தூரம் ஓட்டுப்பெட்டியை தோள்ல தூக்கி நடந்தது, அட்டைக்கடி, ராத்திரி எஸ்டேட் ஸ்கூல்ல பெட்டியை தலைக்கு வச்சு படுத்தது, மறுநாள் தேயிலை பறிக்கிறவங்க விடியறதுக்கு முன்ன குளிச்சு துணி மாத்தி வந்து நின்னது. "அங்க நாங்க பெட்டியைத் தூக்கிட்டு ஆளைத் தேடிப் போனோம், இங்க போஸ்ட்மேன் போறார், அவ்ளோதான் மருமவனே." நான் பல எலக்சன் கட்டுரை படிச்சிருக்கேன், ஆனா தபால் ஓட்டை இவ்ளோ சுருக்கமா யாரும் எனக்கு புரிய வச்சதில்ல.

இந்த கவுன்டியிலதான் ஈகிள் மவுண்டன், 2,301 அடி, மாநிலத்துலயே உசந்த இடம். மாநிலத்துலயே தாழ்ந்த இடம் லேக் சுப்பீரியர் கரை, 602 அடி. ரெண்டுக்கும் நடுவுல சுமார் 15 மைல்தான். ஏறிப் பார்க்க மாமாவுக்கு முடியாது, ரோட்டுலேர்ந்தே கும்பிட்டாச்சு. மத்தியானத்துக்கு மேல கிராண்ட் போர்ட்டேஜ், அமெரிக்காவோட இந்தப் பக்கத்து கடைசி ஊரு, ஓஜிப்வேங்கற பூர்வகுடி மக்களோட ரிசர்வேஷன். பிஜன் ஆறு அருவியா விழுந்து படகு போக முடியாத இடத்தைச் சுத்தி எட்டரை மைல் நடைபாதை, அதுல படகையும் சரக்கையும் முதுகுல சுமந்து போனதாலதான் அந்தப் பேரு. தோல் வியாபாரம் பண்ணின நார்த் வெஸ்ட் கம்பெனி 1803 வாக்குல இங்கேர்ந்து காலி பண்ணி பிரிட்டிஷ் பக்கம் போயிடுச்சு, ஓஜிப்வே மக்கள் எங்கயும் போகல. 1854ல அமெரிக்க அரசோட போட்ட ஒப்பந்தத்துல மாநிலத்து வடகிழக்கு மூலையான இந்த முக்கோண நிலம் முழுசையும் விட்டுக்குடுத்தாங்க, வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உள்ள உரிமையை மட்டும் விடல, அது இன்னைக்கும் செல்லுபடி. 2020ல இந்த கவுன்டியில பைடனுக்கு ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு ஓட்டு. இங்க மொத்தமே அஞ்சாயிரத்து சொச்சம் பேர், ஆனா 700 ஓட்டுல ஜெயிக்கிற தொகுதியில இது சின்ன கவுன்டி இல்ல.

அருவி 120 அடி, பாதி கனடா. மாமா கனடா பக்கத்துப் பாறையை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார்.

மூணாம் நாள், வெள்ளி

வந்த ரோட்டுலயே திரும்பி வந்து இல்ஜன் சிட்டிங்கற இடத்துல 1ஆம் நம்பர் ரோட்டைப் பிடிச்சு உள்ள திரும்பினோம். ஃபின்லாந்துன்னே ஒரு ஊரு இருக்கு வழியில, ஃபின்லாந்துலேர்ந்து வந்தவங்க குடியேறினது. அப்புறம் 60 மைலுக்கு காடு, வளைவு, காடு. போன்ல சிக்னல் கிடையாது. கவுதாரி மாதிரி க்ரவ்ஸ் பறவை வேட்டை சீசன், ஆரஞ்சு தொப்பி போட்டு துப்பாக்கியோட ஆளுங்க ரோட்டோரம் நடந்து போறாங்க, ஒருத்தர் கை தூக்கி வணக்கம் மாதிரி காட்டினார், மாமாவும் கும்பிட்டார்.

இந்த இடத்துலதான் எனக்கு ஒரு விசயம் உறைச்சுது. 2023 மே மாசம் துப்பாக்கி வாங்கறதுக்கு பின்னணி சோதனை, ஆபத்தான ஆள்கிட்டேர்ந்து துப்பாக்கியை கோர்ட் உத்தரவுல எடுத்து வைக்கறது, ரெண்டும் செனட்ல ஓட்டுக்கு வந்தப்ப 34க்கு 33, ஒரு ஆள் மாறினாலும் போச்சு. ஹவ்ஸ்சைல்ட் என்ன பண்ணுவார்னு கடைசி வரைக்கும் எல்லாரும் காத்திருந்தாங்க, அவர் ஆதரிச்சார். அப்ப நான் எங்க வீட்டு சோபாவுல உக்கார்ந்து இதுக்கு ஏன்யா இவ்ளோ யோசனைன்னு கோவப்பட்டேன். இந்த ரோட்டுல அரை மணி நேரம் ஓட்டினப்புறம் அந்தக் கோவம் இல்ல. அந்தச் சட்டம் வேணும்ங்கறதுல எனக்கு மாத்தமே கிடையாது, ஆனா இந்தக் காட்டுல துப்பாக்கி வீட்டுச் சாமான், அந்த சனத்துகிட்ட திரும்பி வந்து முகம் காட்ட வேண்டியவரு அவர்.

ஈலி வந்து சேர்ந்தப்ப மூணு மணி. சுமார் 3,300 பேர் உள்ள ஊரு, தெரு முழுக்க கேனோ வாடகைக் கடை. இதுக்கு வடக்க பவுண்டரி வாட்டர்ஸ், பத்து லட்சம் ஏக்கருக்கு மேல காடு, ஆயிரத்துக்கும் மேல ஏரி, பெரும்பாலான ஏரியில மோட்டார் படகு கூடாது, துடுப்புதான். 1978ல அந்தச் சட்டம் வர்றதுக்கு முந்தின வருசம் இந்த ஊருல கருத்துக் கேட்பு நடந்தப்ப, காட்டைக் காப்பாத்தணும்னு பேசின உள்ளூர் எழுத்தாளரோட உருவபொம்மையை தூக்குல தொங்க விட்டிருக்காங்க. அந்தக் காயம் இன்னும் ஆறலன்னு தெருவுல நடந்தாலே தெரியுது, ஒரு வாசல்ல சுரங்கத்தை ஆதரிக்கிறோம்னு பலகை, அடுத்த வாசல்லயே பவுண்டரி வாட்டர்ஸைக் காப்பாத்துங்கன்னு பலகை. இப்ப சண்டை இரும்பு பத்தி இல்ல, செம்பு நிக்கல் பத்தி. ஈலி பக்கத்துல ட்வின் மெட்டல்ஸ் சுரங்கத் திட்டம், 2023 ஜனவரியில மத்திய அரசு அந்தப் பகுதியில 2,25,000 ஏக்கருக்கு மேல 20 வருசத்துக்கு புதுக் குத்தகை கிடையாதுன்னு அறிவிச்சுது.

15 ஓட்டுல ஜெயிச்ச ஸ்க்ராபா இந்த ஊருக்கு மேயரா இருந்தவர். இந்த நவம்பர்ல அவரை எதிர்த்து நிக்கிறது இன்டர்நேஷனல் ஃபால்ஸ் மேயர் ஹார்லி ட்ரோபா.

கேபின்ல தங்கல். வழியில ஒரு கடையில மனோமின் வாங்கியிருந்தேன், இங்க வைல்ட் ரைஸ்னு சொல்றது, ஓஜிப்வே மக்கள் இந்த மாசத்துலதான் கேனோவுல போயி குச்சியால தட்டி படகுக்குள்ளயே உதிர்த்து எடுப்பாங்க. நெல் வகையே இல்ல, ஏரியில தானா வளர்ற வேற புல். மாமா கையில கொட்டி மோந்து பார்த்துட்டு "புகை வாசம் அடிக்குதே"ன்னார், சரிதான், விறகுத் தீயில வறுக்கறாங்க. வயல்ல பயிர் பண்ணி விக்கிற கருப்பு ரகம் முக்கால் மணி நேரம் வேகும், இது இருவது நிமிசத்துல மலர்ந்துடுச்சு. சின்ன வெங்காயம் இல்லாம கஞ்சி வச்சு, ஊறுகாயோட குடிச்சோம். கடலை எண்ணெய் மணம் மாதிரி ஒரு ருசி. இங்க செம்புச் சுரங்கம் வந்தா சல்ஃபேட் தண்ணியில கலந்து இந்த அரிசி அழியும்ங்கறதுதான் ஓஜிப்வே மக்களோட பெரிய பயம்னு சொன்னதும் மாமா தட்டை வழிச்சுக் குடிச்சிட்டு சொன்னார், "சோத்துல கை வச்சா எவனுக்கும் கோவம் வரும்லா."

சுரங்கம் வேணும்ங்கறவங்களையும் நான் தப்பா சொல்ல மாட்டேன். சுற்றுலா வேலை கோடையோட முடிஞ்சிடும், சுரங்க வேலையில வீடு வாங்கலாம், பையன் ஊரை விட்டுப் போக வேண்டியதில்ல. ஆனா என் ஓட்டு இந்தத் தொகுதியில இருந்திருந்தா தண்ணி பக்கம்தான் போட்டிருப்பேன்.

நாலாம் நாள், சனி

ஈலியிலேர்ந்து 169ஆம் நம்பர் ரோட்டுல டவர்ங்கற ஊரு, அப்புறம் குக். குக்ங்கற ஊரு குக் கவுன்டியில இல்லங்கறதை மாமாவுக்கு மேப் வச்சு ரெண்டு தடவை காட்டினேன். ஜூன் மாசம் லிட்டில் ஃபோர்க் ஆறு ஏறி இந்த ஊருக்குள்ள வெள்ளம் வந்துச்சு, கடைத்தெருவுல இன்னும் சில கதவு பலகை அடிச்சு கிடக்கு. மாமாவுக்கு போன டிசம்பர் 2023 தாமிரபரணி வெள்ளம் ஞாபகம் வந்துடுச்சு, அவங்க தெருவுல ஒரு வீட்டுச் சுவத்துல தண்ணி நின்ன கோடு இன்னும் இருக்காம். சுவத்து ஓரமா குனிஞ்சு இங்கயும் அந்தக் கோட்டைத் தேடினார்.

இந்த ஊருதான் டாம் பக் ஊரு. தச்சு வேலை தொழிற்சங்கத்துலேர்ந்து வந்தவர், 2003லேர்ந்து 20 வருசம் இந்த செனட் சீட்டு அவர்கிட்ட, நாலு வருசம் செனட்ல மெஜாரிட்டி தலைவராவே இருந்தார். 2020 நவம்பர்ல தன் கட்சிக் குழுவை விட்டு வெளிய வந்து பக்கத்து தொகுதி டேவிட் டொமசோனியோட சேர்ந்து ரெண்டே பேர் சுயேச்சைக் குழு ஆரம்பிச்சார். 2022ல திரும்ப நிக்கல. அவர் விட்ட அந்த சீட்டுதான் 700 ஓட்டுக்கு வந்து நின்னது. சுரங்கத் தொழிலாளியும் மரம் வெட்டுறவரும் தாத்தா காலத்துலேர்ந்து டி.எஃப்.எல்னு இருந்த பூமி இது, அது கொஞ்சம் கொஞ்சமா நழுவிக்கிட்டே வந்திருக்கு. கூச்சிச்சிங் கவுன்டி 2012ல ஒபாமாவுக்கு போட்டுச்சு, 2016ல ட்ரம்ப், 2020ல பத்துல ஆறு பேர் கிட்ட ட்ரம்ப்.

53ஆம் நம்பர் ரோடு நேரா வடக்க போகுது, ரெண்டு பக்கமும் சதுப்பு, ஒல்லி ஒல்லியா கருப்பு ஸ்ப்ரூஸ் மரம். கூச்சிச்சிங்ல பெரும்பகுதி நிலத்துக்கு ஊராட்சியே கிடையாது, கவுன்டியே நேரா பார்த்துக்குது. "பிரசிடென்ட் இல்லாத ஊரா, அப்ப தெருவிளக்குக்கு யாரைத் திட்டுவாங்க"ன்னு மாமா உண்மையிலயே கவலைப்பட்டு கேட்டார், தெருவிளக்கே இல்லங்கறதை ராத்திரி காட்டினேன். அவ்ளோ நட்சத்திரம் நான் கடைசியா பார்த்தது சின்னப் பிள்ளையில, கரண்ட் போன ஒரு ராத்திரி மொட்டைமாடியில.

இன்டர்நேஷனல் ஃபால்ஸ்ல தங்கல். மாமா ரூம்ல உக்கார்ந்து டைரியை எண்ணினார், பலகைக் கணக்கு. பாதியில நிறுத்திட்டார். ஏன் மாமான்னேன். "பலகை வைக்காத வீடுதான் ஜாஸ்தி, அவங்களைத்தான் எண்ணணும், அதுக்கு வழியில்ல"ன்னு மூடி வச்சுட்டார்.

அஞ்சாம் நாள், ஞாயிறு

காலைல ரெய்னி ஆத்துப் பாலம் பக்கம் போனோம், அந்தக் கரை கனடா, ஃபோர்ட் ஃபிரான்சஸ். ஊருப் பேர்ல இருக்குற அருவி அணைக்குள்ள முங்கிப் போச்சு, இப்ப பேப்பர் மில்லும் மின்சாரமும்தான். மூணு நாள் முன்ன நாங்க கால் நனைச்ச தண்ணி கிழக்க அட்லான்டிக் போகும், இந்த ஆத்துத் தண்ணி வடக்க ஹட்சன் விரிகுடா போகும், ஒரே தொகுதிக்குள்ள.

ஆத்தங்கரை பெஞ்சுல ஒரு பெரியவர், எண்பது வயசு இருக்கும், மில்லுல முப்பது வருசம் வேலை பார்த்தவராம். மாமா ஹெட்மாஸ்டர் இங்கிலீஷ்ல தன்னை அறிமுகம் பண்ணிக்கிட்டு, 15 ஓட்டுல தோத்த ராப் எக்லண்ட் இந்த ஊருக்காரர்தானேன்னு நேரா கேட்டுட்டார். எனக்கு பதறிடுச்சு, ஆனா பெரியவர் சந்தோசமா பேசினார். எக்லண்ட் மில்லுல வேலை பார்த்த ஆளு, 2015ல முன்ன இருந்த டேவிட் டில் இறந்துபோய் இடைத்தேர்தல்ல வந்தவர்னு சொன்னார். அப்புறம் ஒண்ணு சொன்னார், அன்னைக்கு தன் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில இருந்ததால தான் ஓட்டு போடப் போகலன்னு, ரெண்டு வருசமா அந்த 15ஐ நினைக்கிறப்பல்லாம் அதுல ஒண்ணு தன்னோடதுன்னு தோணுதுன்னு. யாருக்கு போட்டிருப்பார்னு மாமா கேக்கல, அவரும் சொல்லல. மாமா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

நான் நாலு நாளா 15 ஓட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிக்கிட்டு இருந்தேன், வராத ஓட்டைப் பத்தி யோசிக்கவே இல்ல. இந்தத் தூரம், பனி, ஷிஃப்ட் வேலை, வயசு, ஆஸ்பத்திரி, இது அத்தனையும் அந்த 15க்குள்ள இருக்கு.

திரும்பி வர 290 மைல், நடுவுல சாப்பிட ஒரு தடவைதான் நின்னோம். மொத்தம் 870 மைல் கிட்ட ஓடியிருக்கு. வீட்டுக்கு வந்ததும் பொண்ணு அருவி போட்டோவை விட்டுட்டு கருப்பு மணல் இருந்த பாட்டிலை எடுத்துக்கிட்டு ஓடிட்டா.

செவ்வாய், அக்டோபர் 1

என்னோட தபால் ஓட்டுச்சீட்டு நேத்து வந்துடுச்சு. மாநில செனட்டுக்கு இந்த வருசம் பொதுத் தேர்தல் இல்ல, 2026லதான், ஆனா ஒரு செனட்டர் ஜூன்ல ராஜினாமா பண்ணினதால இப்ப அங்க 33க்கு 33, அந்த ஒரு சீட்டுக்கு மட்டும் நவம்பர்ல இடைத்தேர்தல். அது 45ஆம் நம்பர், எங்க தொகுதி இல்ல. என் ஓட்டுச்சீட்டுல மாநில ஹவுஸ், காங்கிரஸ், ஜனாதிபதி, அப்புறம் நான் கேள்வியே படாத நீதிபதிங்க பேரு.

மாமா கண்ணாடி போட்டு வழிமுறைத் தாளை ரெண்டு தடவை படிச்சார். ஒரு கவருக்குள்ள இன்னொரு கவர், வெளிக் கவர் வேற, சாட்சி கையெழுத்து வேணும். அவர் போட முடியாது, இந்த நாட்டுக் குடிமகன் வேணும், வீட்டம்மாவும் இன்னும் க்ரீன் கார்டுதான். பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டோம், சாயங்காலம் செருப்போட அப்டியே வந்துட்டாங்க. சீட்டு காலியா இருக்குன்னு முதல்ல அவங்ககிட்ட காட்டணும், மாமா "ரெண்டு பக்கமும் காட்டுங்க"ன்னார், ரெண்டு பக்கமும் காட்டினேன். அவங்க தலையாட்டினாங்க.

நான் பேனாவை எடுத்ததும் மாமா எந்திரிச்சு, அந்தம்மாவையும் சைகையில கூப்பிட்டுக்கிட்டு, பொண்ணையும் கையைப் பிடிச்சு அடுக்களைக்குள்ள கூட்டிட்டுப் போயி கதவை ஒருக்களிச்சு வச்சார். உள்ள அத்தை காபி ஆத்துற சத்தம் கேட்டுச்சு. நான் மெதுவா ஒவ்வொரு வட்டமா நிரப்பினேன்.